வாசலில் முளைத்த விற்பனைப் பலகைகள்

22-21. எச். ஜி. பிஸ்ஸிங்கரின் ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ புத்தகத்தை ஒரு எண்ணில் சொல்லு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1988ஆம் ஆண்டு, மேற்கு டெக்சஸின் ஒடெஸ்ஸா நகரத்துப் பெர்மியன் ஹைஸ்கூல் ஃபுட்பால் அணி, பக்கத்து ஊரான மிட்லண்டின் லீ ஹைஸ்கூலிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. கோச் கேரி கெயின்ஸ் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். வாசல் புல்தரையில் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய பலகைகளை யாரோ குத்திவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டை வித்துட்டு ஊரைவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஆடியவர்கள் பதினேழு வயதுப் பையன்கள். அது ஒரு பள்ளிக்கூடத்து ஆட்டம்.

1990இல் வெளியான இந்தப் புத்தகம், 2004இல் பீட்டர் பெர்க் எடுத்த படம், 2006 முதல் 2011 வரை ஐந்து பருவங்கள் ஓடிய தொலைக்காட்சித் தொடர் என்று மூன்று வடிவங்களில் இந்தக் கதை இருக்கிறது. தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள்தான் நம்மில் அதிகம், நானும் அப்படித்தான். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஆட்டத்தைவிட வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. தோல்விக்குப் பிறகு ஊர் பேசும் பேச்சு. “அந்த நேரத்துல எதுக்குப் பந்தை எறியச் சொன்னான்? ஓடியிருக்கலாம்ல?” என்கிற பேச்சு. மூன்று படைப்புகளும் இந்தப் பேச்சை மூன்று விதமாகக் கையாள்கின்றன. அந்த வித்தியாசத்தில்தான் மூன்றின் நேர்மையும் வெளிப்படுகிறது என்பது என் கட்சி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்க ஃபுட்பாலில் பத்து கஜம் முன்னேற ஒரு அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் பெயர் ‘டவுன்’. நான்குக்குள் பத்து கஜத்தைக் கடந்தால் புதிதாக நான்கு கிடைக்கும். மூன்றிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இதுவரை சரி. முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான். ஒவ்வொரு டவுனுக்கும் முன்னால் ஆட்டம் நின்றுவிடுகிறது. பதினொரு பேரும் எங்கே நிற்க வேண்டும், பந்து யார் கைக்குப் போக வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இடைவெளியில் முடிவாகிறது. முடிவு பெரும்பாலும் மைதானத்தின் ஓரக்கோட்டில் நிற்கும் கோச்சிடமிருந்து வருகிறது. இதைத்தான் ‘ப்ளே காலிங்’ என்கிறார்கள்.

கிரிக்கெட்டில் கோச் பெவிலியனில் உட்கார்ந்து நகம் கடிப்பார். ஷாட்டைத் தேர்ந்தெடுப்பது மட்டைக்காரன். சாக்கரில் விசில் ஊதிவிட்டால் கோச் வெறும் பார்வையாளர், கத்தலாம் அவ்வளவுதான். அமெரிக்க ஃபுட்பாலில் மட்டும் ஒவ்வொரு அசைவுக்கும் பின்னால் பெயரும் முகவரியும் உள்ள ஒரு மூளை இருக்கிறது. ஆட்டத்தின் ஒவ்வொரு தருணமும் “இதற்குப் பதில் அதைச் செய்திருக்கலாம்” என்று சொல்ல வாகாக வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது. கேலரியில் உட்கார்ந்திருக்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கும் கோச்சுக்கும் இடையில் அந்த ஐந்தாறு நொடிகளில் பெரிய தூரம் இல்லை. இருவருக்கும் தெரிவது ஒரே மைதானம், ஒரே கடிகாரம். முடிவைச் சொல்லவேண்டியவர் ஒருவர், சொல்ல வேண்டாதவர் இன்னொருவர். வார இறுதி ஆட்டத்தைத் திங்கள் காலையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஜெயித்துக் காட்டுபவனுக்கு ‘திங்கட்கிழமைக் காலை குவாட்டர்பேக்’ என்று அமெரிக்காவில் பெயரே இருக்கிறது.

முப்பது புள்ளியில் தோற்றால் விவாதம் கிடையாது. அழுதுவிட்டுப் போய்விடலாம். ஒரு புள்ளியில் தோற்றால், ஆட்டத்தில் நடந்த நூற்றுச் சொச்சம் தருணங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்து, “இது மட்டும் மாறியிருந்தால்” என்று நிறுவலாம். எல்லார் சொல்வதும் உண்மைதான். கோடு தாண்டிய பிறகு கிடைக்கும் அந்தக் கூடுதல் ஒரு புள்ளியிலிருந்து ஆரம்பித்து எங்கே வேண்டுமானாலும் விரலை வைக்கலாம். 22-21 என்பது ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வழக்கைக் கொடுத்துவிட்ட ஸ்கோர்.

*

ஒடெஸ்ஸா எப்படிப்பட்ட ஊர்? பெர்மியன் படுகையின் எண்ணெய்தான் அதன் சோறு. எழுபதுகளின் இறுதியில் எண்ணெய் விலை ஏறியபோது ஊர் கொழித்தது. பிறகு விழ ஆரம்பித்தது. 1983இல் மிட்லண்டின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி மூழ்கியது. 1986இல் எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் என்ற அளவுக்குச் சரிந்தது. துளையிடும் இயந்திரங்கள் வரிசையாகத் துருப்பிடித்து நின்றன. இதற்கு நடுவில் 1982இல் கட்டிமுடித்த ரேட்லிஃப் ஸ்டேடியம்: செலவு 56 லட்சம் டாலர், இருக்கைகள் ஏறக்குறைய 19,000. ஊரின் மக்கள்தொகையே தொண்ணூறாயிரத்தை ஒட்டித்தான்.

பிஸ்ஸிங்கர் பத்திரிகையாளர். ஃபிலடெல்ஃபியா நீதிமன்றங்களைப் பற்றி எழுதிப் புலிட்சர் வாங்கிய குழுவில் ஒருவர். 1988இல் குடும்பத்தோடு ஒடெஸ்ஸாவுக்குக் குடிபெயர்ந்து ஒரு முழு சீசன் அணியுடனேயே இருந்தார். கணக்குப் பார்ப்பதில் ஆள் கெட்டி. பெர்மியனில் விளையாட்டுப் பையன்களுக்கான மருத்துவப் பொருட்களுக்கு 6,750 டாலர், ஆங்கிலத் துறையின் பாடப் பொருட்களுக்கு 5,040 டாலர் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்த இரண்டு எண்களை ஒடெஸ்ஸா அவருக்கு மன்னிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த விற்பனைப் பலகைக்குத் திரும்ப வருகிறேன். நான் படித்தவரை இதை எல்லோரும் கொடுமையான குறும்பாகத்தான் வாசிக்கிறார்கள். கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் எண்ணெய் சரிந்த ஒரு ஊரில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போய், கடன் கட்ட முடியாமல், வீட்டை விட்டுப் போனவர்களின் வாசலில் நின்ற பலகை அது. கோச்சைத் திட்ட ஊருக்கு ஆயிரம் வழிகள் இருந்தன. ஊர் எடுத்தது தன்னை மிகவும் பயமுறுத்திய பொருளை. “எங்களுக்கு நடந்தது உனக்கும் நடக்கட்டும்” என்ற சாபம் அதில் இருக்கிறது. எண்ணெய் விலை விழுந்ததற்கு யார் வீட்டு வாசலில் போய் எதைக் குத்துவது? ரியாத்தில் எடுத்த முடிவுக்கு ஒடெஸ்ஸாவில் முகவரி இல்லை. கெயின்ஸுக்கு இருந்தது. ‘தவறான முடிவை யார் எடுத்தது’ என்று கேட்டால் பதில் கிடைக்கிற ஒரே இடம் அந்த ஊரில் வெள்ளிக்கிழமை இரவு மைதானம்தான்.

பிஸ்ஸிங்கர் எண்ணெய்க்கு ஒரு அத்தியாயமும் ஃபுட்பாலுக்குப் பல அத்தியாயங்களும் எழுதுகிறார். பலகையை மட்டும் எண்ணெய்யோடு சேர்த்துக் கட்டவில்லை. அதை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. அவருடைய ரசிகர்கள் பெரும்பாலும் கோரஸ். கூடுகிறார்கள், கத்துகிறார்கள், மேளம் கொட்டுகிறார்கள், கோபப்படுகிறார்கள். தனித்தனியாக அவர்கள் என்ன *நினைக்கிறார்கள்* என்பது குறைவு. பூஸ்டர் கிளப் என்று ஒன்று இருக்கிறது. நம்மூர்ப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் ரசிகர் மன்றத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டினால் வருகிற வஸ்து. கோச் அவர்கள் முன்னால் நின்று ஆட்டப் படத்தை ஓட்டிக்காட்டிப் பேச வேண்டும். நான் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நூற்றுக்கணக்கான பெரியவர்கள் இருட்டில் உட்கார்ந்து, சில நொடி ஓடும் ஒரு படத்துண்டைப் பார்த்து, இடது பக்கம் மறித்தவன் ஒரு அடி தள்ளி நின்றதால்தானே இது நடந்தது என்று சொல்கிறார்கள் என்றால், அதற்குப் பெயர் நுணுகி வாசித்தல். கவிதை வாசிப்பவர்கள் கூட்டம் போட்டுச் செய்வது இதைத்தான். ஆங்கிலத் துறைக்குக் காசில்லாத பள்ளியில் இலக்கிய விமர்சனம் கேன்டீன் பக்கமாக வேறு வேஷத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பிஸ்ஸிங்கருக்கு இது வெறி. அதில் கொஞ்சம் அறிவும் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொள்வதில்லை.

ஆனால் ஒரு இடத்தில் அவர் பிடித்த பிடி சரியானது. அந்த இடத்தில் என் வாதமும் தடுமாறத்தான் செய்கிறது. பூபி மைல்ஸ். பெர்மியனின் கறுப்பின ஓட்டக்காரன், சீசனின் நட்சத்திரம் என்று எல்லோரும் எதிர்பார்த்தவன், மாமா எல். வி. மைல்ஸ் எடுத்து வளர்த்த பையன். சீசன் தொடங்குவதற்கு முன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. இந்த இழப்புக்கு ஊரில் விவாதம் எழவில்லை. கால் போன குதிரைக்கு என்ன செய்வார்களோ அதையே இவனுக்கும் செய்யலாம் என்கிற பொருள்பட ஒரு வேடிக்கைப் பேச்சுத்தான் எழுந்தது. பிஸ்ஸிங்கர் அதை அப்படியே பதிவு செய்திருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால், “தப்பான முடிவு எடுத்தான்” என்று திட்டுவதே ஒரு மரியாதை. முடிவெடுக்கிற மூளை ஒன்று இருப்பதாக ஒப்புக்கொண்டால்தான் அப்படித் திட்ட முடியும். கெயின்ஸுக்கு அந்த மரியாதை கிடைத்தது. தந்தையைச் சிறுவயதில் இழந்த, எப்போதும் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருந்த குவாட்டர்பேக் மைக் வின்செலுக்கும் கிடைத்தது. பூபிக்குக் கிடைக்கவில்லை. அவனை ஒரு உடம்பாகவே ஊர் பார்த்தது. உடம்பு ஓடாவிட்டால் பேச ஒன்றுமில்லை. ஒடெஸ்ஸா பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது 1982இல்தான், அதாவது ஸ்டேடியம் கட்டிமுடித்த அதே ஆண்டு. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

*

பேச்சுதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேலரியின் பேச்சு ஆட்டம் முடிந்த பிறகு தொடங்குவதில்லை. கோச் முடிவெடுக்கும்போதே அவர் காதில் உட்கார்ந்திருக்கிறது.

பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தொழில்முறை ஃபுட்பாலில் நான்காவது டவுனில் கோச்சுகள் தேவைக்கு மிக அதிகமாகப் பந்தை உதைத்து ஒப்படைத்துவிடுகிறார்கள், துணிந்து முயன்றிருந்தால் வெற்றி வாய்ப்பு கூடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது அது. ஹைஸ்கூல் அளவில் இதை உயிரோடு செய்துகாட்டிய ஒருவர் உண்டு. ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கின் புலாஸ்கி அகாடமி கோச் கெவின் கெல்லி. நான்காவது டவுனில் பந்தை உதைப்பதை ஏறக்குறைய முற்றாகவே விட்டுவிட்டார். 2003இலிருந்து 2020க்குள் ஒன்பது மாநிலப் பட்டங்கள்.

இவ்வளவு லாபம் இருந்தும் மற்ற கோச்சுகள் ஏன் செய்யவில்லை? உதைத்துவிட்டுத் தோற்றால் பையன்கள் தோற்றார்கள். துணிந்து தோற்றால் கோச் தோற்றான். முதலாவதற்கு யாரும் புல்தரையில் பலகை நடமாட்டார்கள். வழக்கமான தவறைச் செய்வது பாதுகாப்பானது. இதைப் படித்தபோது ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. “ஏன்டா இப்படிப் பயந்து பயந்து ஆடுறீங்க” என்று கத்தும் கூட்டமும், அந்தப் பயத்தை உண்டாக்கும் கூட்டமும் ஒன்றுதான்.

*

இனி படம். பீட்டர் பெர்க் பிஸ்ஸிங்கரின் உறவுக்காரர், புத்தகத்தின் மேல் உண்மையான மதிப்பு உள்ளவர். படத்தின் தொடக்கமே அருமை: வறண்ட நிலம், மேலிருந்து பார்க்கும் காமிரா, ரேடியோவில் ஊர்க்காரர்களின் குரல்கள். முகமில்லாத குரல்கள், ஓயாத குரல்கள். ஊரின் காற்றே அதுதான் என்று படம் சொல்லிவிடுகிறது. பில்லி பாப் தோர்ன்டன் கெயின்ஸாக நடிப்பதில் பெரும்பகுதி கேட்பதுதான். சூப்பர் மார்க்கெட்டில், விருந்தில், காரில் என்று எங்கே போனாலும் யாராவது அவருக்கு அறிவுரை சொல்கிறார்கள். அவர் தலையாட்டுகிறார்.

கடைசியில் படம் ஒரு காரியம் செய்கிறது. 1988இல் நடந்தது இது: பெர்மியன் அரையிறுதியில், ஆஸ்டினில், மழையில், டல்லஸ் கார்ட்டர் அணியிடம் 14-9 என்று தோற்றது. நனைந்த பந்து, வழுக்கும் தரை, எந்தப் பாடலும் பின்னணியில் பொருந்தாத தோல்வி. படத்தில் அது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் மாநில இறுதி ஆட்டமாகிறது, 34-28, கடைசி நொடியில் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் விழுகிறார்கள். கண்ணில் நீர் வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் இந்த மாற்றம் அந்தக் குரல்களை வாயடைத்துவிடுகிறது. அவ்வளவு வீரமாகத் தோற்றவர்களிடம் போய் “ஏன் எறிஞ்ச?” என்று யார் கேட்பார்கள்? தொடக்கத்தில் ரேடியோவில் ஒலித்த அத்தனை பேருக்கும் படம் முடிவில் ஒரே பதில் சொல்கிறது: பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள், வாயை மூடுங்கள். நல்ல பதில்தான். 14-9க்கு அந்தப் பதில் செல்லாது, அதனால் ஸ்கோரை மாற்றிவிட்டார்கள்.

தொலைக்காட்சித் தொடர் டில்லன் என்ற கற்பனை ஊருக்குப் போய்விடுகிறது. அதனால் அதற்குக் கை நீளம். குரல்களுக்கு முகம் கொடுக்கிறது. கார் வியாபாரி பட்டி காரிட்டி, பூஸ்டர்களின் தலைவர், எரிச்சல் மூட்டும் மனிதர். ஐந்து பருவம் முடிவதற்குள் அவர்மேல் நமக்குப் பிரியமே வந்துவிடுகிறது. வாழ்க்கையின் உச்சம் பதினேழாம் வயதோடு முடிந்துபோன மனிதன் எப்படி இருப்பான் என்பதை அவர் வழியாகப் பார்க்கிறோம். பிஸ்ஸிங்கர் கோரஸாக விட்டுவைத்த ஆட்களை இந்தத் தொடர் ஒவ்வொருவராக வீட்டுக்குள் அழைத்து உட்காரவைக்கிறது. இதில் அது புத்தகத்தைத் தாண்டிவிட்டது என்று தயங்காமல் சொல்வேன்.

இதில் பலவீனம் கோச் எரிக் டெய்லரிடம் இருக்கிறது. கைல் சாண்ட்லரின் நடிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. பிரச்சினை என்னவென்றால், டெய்லர் கிட்டத்தட்ட எப்போதும் சரி. ஊர் எதிர்த்துப் பேசும், அவர் தாடையை இறுக்கிக்கொண்டு தன் முடிவில் நிற்பார், கடைசி இருபது நொடியில் அது பலிக்கும். வாரா வாரம் இப்படியானால் ரசிகனின் கேள்வி எப்போதும் முட்டாளின் கேள்வியாகிவிடுகிறது. மூன்றாம் பருவத்தில் தொடர் இதிலிருந்து தப்பிக்கிறது. ஜே. டி. மெக்காய் என்ற பணக்காரப் பையனா, பாட்டியோடு வாழும் மேட் சராசெனா, யார் குவாட்டர்பேக் என்ற கேள்வி வருகிறது. இதற்குச் சரியான விடை கிடையாது. திறமை ஒரு பக்கம், நன்றி இன்னொரு பக்கம். டெய்லர் முடிவை மாற்றுகிறார், காயப்படுத்துகிறார், கடைசியில் மாநில இறுதியில் தோற்கிறார். மெக்காயின் அப்பா காசையும் செல்வாக்கையும் வைத்து அவரை ஊரின் மறுபக்கத்துக்கு, ஈஸ்ட் டில்லன் என்ற வக்கற்ற பள்ளிக்குத் தள்ளிவிடுகிறார். இங்கே விவாதத்தில் ஜெயிப்பது வாதம் அல்ல, செக் புத்தகம்.

நான்காம் பருவத்தின் முதல் எபிசோடில் அந்தப் புது அணியின் முதல் ஆட்டம். பாதியில் ஓய்வறைக்கு வருகிறார்கள். ரத்தம், வீக்கம், எழுந்து நிற்க முடியாத பையன்கள். டெய்லர் சுற்றிப் பார்க்கிறார். வெளியே போய் நடுவரிடம் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிவிடுகிறார். மூன்று வடிவங்களிலும் சேர்த்து எனக்கு மிகப் பெரிய ‘ப்ளே கால்’ இதுதான். மருத்துவர் கண்ணில் சரி, தாயின் கண்ணில் சரி. பையன்களின் கண்ணில் துரோகம். ஆடி அடிவாங்கித் தோற்கும் உரிமையை அவர் பறித்துவிட்டார் என்று கொதிக்கிறார்கள். தொடர் அவசரப்பட்டு யார் பக்கமும் தீர்ப்புச் சொல்வதில்லை. கோச் தவறாக இருக்கலாம் என்ற சாத்தியத்தை அது திறந்தே வைத்திருக்கும் அபூர்வ இடம் இது. பார்த்து முடித்த இரவு நண்பர்களோடு இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். அந்தச் சண்டைக்குத் தகுதியான காட்சி.

*

1990இல் புத்தகம் வெளியானபோது ஒடெஸ்ஸாவுக்கு வருவதாக இருந்த பிஸ்ஸிங்கர், மிரட்டல்கள் காரணமாகப் பயணத்தை ரத்து செய்தார். ஒரு சீசனை ஆடி முடித்த பிறகு வெளியாள் ஒருவன் வந்து, ஊர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் படம் ஓட்டிக்காட்டி “இதற்குப் பதில் அதைச் செய்திருக்கலாம்” என்கிறான். அதாவது ஊரே ஓரக்கோட்டில் நிற்கிறது, பிஸ்ஸிங்கர் கேலரியில். விமர்சிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று ஒடெஸ்ஸாவுக்கு அந்த வருடம் தெரிந்தது. கெயின்ஸுக்கு இரண்டு வருடம் முன்பே தெரியும்.

அந்த 1988 சீசனில் யாரும் குறை சொல்ல முடியாத ஒரே முடிவு நாணயம் எடுத்தது. பெர்மியன், லீ, மிட்லண்ட் ஹை மூன்றும் சமநிலையில் நின்றன. இரண்டு அணிக்குத்தான் அடுத்த சுற்றில் இடம். நள்ளிரவு தாண்டி, நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தம் ஒன்றில், மூன்று கோச்சுகளும் நாணயம் சுண்டினார்கள். ஊர் தொலைக்காட்சி நேரலையில் காட்டியது. மிட்லண்ட் ஹை வெளியேறியது, பெர்மியன் உள்ளே போனது.

மறுவருடம், 1989இல், கெயின்ஸின் பெர்மியன் ஆடிய 16 ஆட்டங்களிலும் வென்று மாநிலப் பட்டம் வாங்கியது. அவர் அத்தோடு கல்லூரி அணி ஒன்றுக்குப் பயிற்சி தரப் போய்விட்டார். 2009இல் அதே ஊருக்கு, அதே பள்ளிக்கு, அதே வேலைக்குத் திரும்பி வந்து நான்கு சீசன் இருந்தார். பட்டம் ஏதும் கிடைக்கவில்லை. 2022இல் இறந்தார். பிஸ்ஸிங்கரின் புத்தகத்தைக் கடைசிவரை படிக்கவில்லை என்றுதான் சொல்லிவந்தார்.